பார்க்க வேண்டிய ஏழாவது இடம்

1997ஆம் வருஷம் புரட்டாசி மாதத்திலிருந்து காஞ்சிபுரத்தில் வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் ஏழு. காமாட்சியம்மன் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில், உலகளந்த பெருமாள் கோயில், சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில், அந்தக் கோயிலின் சன்னதித் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ராஜகோபால். முதல் ஆறும் கல். ஏழாவது, ஐம்பத்திரண்டு வயதில் அந்த வேலைக்கு வந்த பட்டுப்புடவை வியாபாரி. எடை எழுபத்தெட்டு கிலோ, லேசாகச் சர்க்கரை உண்டு. மேலே பல்லி விழுந்த தோஷமும் அதை ஒட்டி வரும் சில்லறைக் கஷ்டங்களும் இவரைத் தொட்டால் போய்விடும். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, மாலை நாலிலிருந்து எட்டு வரை தொடலாம். இவரை அந்த இடத்தில் வைத்தவன் கலியன். வைத்ததற்குக் காரணம் ஒரு ஜோடி ஷூ.

கலியன் கல்லூரியில் சரித்திரம் படிக்கப் போய் இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டவன். படித்த ஒன்றரை வருஷத்தை வீணாக்காமல் கோயில் வாசலில் கைடாகச் சேர்ந்தான். அப்போது அங்கே பன்னிரண்டு கைடுகள் இருந்தார்கள். முனிரத்தினம் என்ற பெரியவர் சொல்வதுதான் அவர்களுக்குச் சட்டம். கலியன் பல்லவர்களை மூன்று நிமிஷத்தில் முடிப்பான், நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலிக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வான், தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வைத்து வெளியே கூட்டிவருவான். கோயிலுக்குப் பிறகு பட்டுக்கடை. அது பிரசாதம் மாதிரி, வாங்கிக்கொள்ளாமல் யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. கலியன் கூட்டிப் போகும் கடை ஜெயம்மாள் சில்க்ஸ். ராஜகோபால், திருமுக்கூடல் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்துக்காரர், நிலத்தை விற்று மனைவி பெயரில் போட்ட கடை அது. நல்ல வெள்ளை வேட்டி, அகலமான மீசை, கட்சியில் ஏதோ ஒரு பொறுப்பு. கும்பிட்டால் தலையை அசைப்பார். கையைத் தூக்க மாட்டார்.

1993 வைகாசியில், வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கலியன் ஒரு ஹாலந்துக்காரரைக் கடைக்கு அழைத்து வந்தான். ஆறே முக்கால் அடி உயரம். ஷூ இரண்டும் பரிசல் மாதிரி இருந்தன, பழுப்புத் தோல், இடது ஷூவின் நுனியில் நீலப் பெயிண்ட் சிந்திய கறை. அவர் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து புடவை பார்த்தார். அந்தத் தெரு நாய்களுக்குத் தோல் என்றால் உயிர். அதனால் பெரிய மனிதர்கள் கழற்றிவிட்ட ஷூவைக் கடைக்காரர்கள் எடுத்து உள்ளே வைப்பது வழக்கம். அன்றைக்கு ராஜகோபாலே குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, கடைப் பையன்களிடம் கொடுக்க மனம் வராமல், பீரோவில் புடவைப் பெட்டிகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். வைத்த கையோடு ஒரு கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தது. நாற்பது முகூர்த்தப் புடவை பிரித்துப் போட்டதில் ஷூ அவர் மண்டையை விட்டே போய்விட்டது. ஹாலந்துக்காரர் வெளியே வந்து பார்த்தார். வாசலில் ஷூ இல்லை, கலியன் இருந்தான்.

"எங்கடா வெச்ச?" என்றார் ராஜகோபால்.

"நான் எடுக்கல முதலாளி. இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன்."

"அப்ப காத்து வந்து கால்ல மாட்டிக்கினு போச்சா?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் ராஜகோபாலுக்குக் கை ஓங்கிவிட்டது. அறைந்தார். பையைப் பிடுங்கி உதறினார், வேட்டியை உதறிக் காட்டச் சொன்னார், உதறினான். பிறகு அவன் காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்ற வைத்து ஹாலந்துக்காரருக்குக் கொடுத்தார். அவருக்கு அது விரல் நுழையும் அளவுதான், குதிகால் முழுக்க வெளியே. அந்த மனிதர் தன் பங்குக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். பார்த்தவர்கள் சுமார் நாற்பது பேர். அன்று சாயங்காலம் பீரோவைத் திறந்தபோது ராஜகோபால் ஷூவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி மூடினார்.

முனிரத்தினம் கலியனை வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உத்திரமேரூரில் அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் தகப்பனார் ஆவணியில் ஆள் அனுப்பி, ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டார். ஊர் அவனுக்கு 'ஷூ கலியன்' என்று பேர் வைத்தது. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் ராத்திரி டியூட்டிக்குப் போனான், பகலில் தூங்கினான், யாரிடமும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் ராஜகோபாலின் காலைப் பார்த்தான். பழுப்புத் தோல், நீலப் பெயிண்ட் கறை. பக்கத்து இலையில் இருந்தவன் தர்மன், முன்பு ஜெயம்மாள் சில்க்ஸில் வேலை பார்த்தவன். "முன்பக்கம் கழிவுப் பட்டு நூலு அடைச்சிக்கினு போட்டுக்கறாருபா. இல்லன்னா கால் நிக்காது" என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான், பீரோ விஷயத்தையும் சொன்னான். கலியன் பாயசம் வரை உட்கார்ந்திருந்து சாப்பிட்டான். கையைக் கழுவும்போது தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. அதே வாசலில், ஜனங்களுக்கு எதிரில், அதே வாயால் ராஜகோபால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: கலியன் எடுக்கல. வேறு எதுவும் வேண்டாம்.

வேண்டும் என்றால் வந்துவிடுமா. லாட்ஜ் வேலையை விட்டு, பேட்ஜ் இல்லாத கைடாக பஸ் நிலையத்தில் நின்று, இறங்குகிற ஏழைக் கூட்டத்தைப் பிடித்துக் கோயில் காட்டிக்கொண்டிருந்தான். 1997 புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, தர்மபுரியிலிருந்து பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருத்திக்குப் பல்லி விழுந்த நாளிலிருந்து இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. தங்கப் பல்லியைத் தொடத்தான் அத்தனை தூரம் வந்திருந்தாள். கோயில் கதவு பன்னிரண்டுக்கு மூடிவிட்டது, திரும்பும் பஸ் ஒன்றரைக்கு. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். எதிரே ராஜகோபால் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காலில் அந்த ஷூ.

"அழுவாதம்மா. அதோ மீசைக்காரு நிக்கறாரே, அவரு அந்தப் பல்லி வம்சம். அவரைத் தொட்டாலும் அதேதான்" என்றான் கலியன்.

"ஆம்பளையைப் போயி எப்பிடிய்யா தொடறது?"

"தலைல கை வை. திட்டுவாரு. திட்டினாதான் தோசம் போச்சின்னு அர்த்தம்."

அவன் நினைத்ததெல்லாம், ஒருத்தி போய் அந்த மண்டையில் கை வைக்க, நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதுதான். கைடுகள் சொல்வதில் நாலில் ஒன்று பொய், அது தொழில். இந்த ஒரு பொய் மட்டும் ஏன் பலித்தது என்று ஊரில் யாரும் விசாரிக்கவில்லை. அவள் படியேறி அவர் தலையில் உள்ளங்கையை வைத்தாள். "ஏய், இன்னா பண்ற? பைத்தியமா?" என்று அவர் கத்தினார். திட்டு விழுந்த சந்தோஷத்தில் அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். இரண்டு கையும் எழுந்தன. அதே நேரம், கூரையோ மரமோ இல்லாத வெட்டவெளியிலிருந்து ஒரு பல்லி ராஜகோபாலின் தோளில் விழுந்து, சட்டையில் ஓடி, கடைக்குள் போய் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. மற்ற ஐந்து பெண்களும் வரிசையில் நின்று தொட்டார்கள். ஆறு பேரும் உள்ளே போய் ஆளுக்கொரு புடவை எடுத்தார்கள்.

ராஜகோபால் அன்றைக்கே அதை நிறுத்தியிருக்கலாம். ஆறு புடவை அவரைத் தடுத்தது. மறு வாரம் இருபது பேர் வந்தார்கள், தீபாவளிக்குள் தினம் இருநூறு. தொட்டவர்கள் பாதிப்பேராவது கடைக்குள் நுழைந்தார்கள். அவரே வாசலில் கைப்பிடி நாற்காலி போட்டார், பந்தல் போட்டார், வரிசைக்குக் கயிறு கட்டினார். முதலில் வருவோர் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார். நாளடைவில் தொண்டை வலிக்க, "போ, போ" என்பதோடு நிறுத்திக்கொண்டார், அதற்கும் பலன் குறையவில்லை. சென்னை டிராவல்ஸ்காரர்கள் நோட்டீஸில் ஏழாவது இடத்தைச் சேர்த்து அச்சடித்தார்கள். உத்தரத்தில் பல்லிகள் பெருகின. புடவைகளை ஒன்றும் செய்யவில்லை. விளக்குப் பூச்சியைத் தின்றன, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு விஷயம்தான் விசித்திரம் என்று விற்பனையாட்கள் பேசிக்கொண்டார்கள். அத்தனை பல்லி இருந்தும் ஒன்றுகூடச் சத்தம் கொடுக்கவில்லை. வியாபாரி ஏதாவது சொல்லும்போது பல்லி சொன்னால், அது மெய் என்று வாடிக்கையாளர் நம்பி வாங்குவார். இவை வாயைத் திறக்கவேயில்லை.

கலியனை முனிரத்தினம் திரும்ப அழைத்துக்கொண்டார். அழைக்காமல் முடியாது, ஏழாவது இடம் அவன் கண்டுபிடித்தது. ஆனால் வெளியூரில் அவன் விலாசம் இப்படிப் பரவியது: சன்னதித் தெருவில் இறங்கி ஷூ கலியன் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த டீச்சரம்மா ஒருத்தர், "வாங்க மிஸ்டர் ஷூ" என்று மரியாதையாகவே கூப்பிட்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

ராஜகோபாலின் தேய்மானம் 1998 ஆடியில் தெரிய ஆரம்பித்தது. கோயில் தூண்களில் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் யாளிகளுக்கு மூக்கு வழுவழுவென்று மழுங்கியிருக்கும் இல்லையா, அந்த மாதிரி. முதலில் மீசை போனது, வேர் விட்டு மறுபடி வரவேயில்லை. பிறகு இடது காது மடலின் மடிப்பு, பிறகு புருவம். வலி இல்லை. டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாயிரத்தில் மூக்கு மேடு பாதிக்கு இறங்கிவிட்டது. கண்ணாடி நிற்காமல் நூலால் பின்பக்கம் கட்டிக்கொண்டார்.

நடுவில் ஒருமுறை பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிடப் பார்த்தார். மூன்றாம் நாள் தர்மபுரிக்காரியின் கை பழையபடி இறங்கியது. ஆரணியில் ஒருவருக்குத் தீர்ந்திருந்த விக்கல் திரும்பியது, செய்யாற்றில் ஒரு கிணறு மறுபடி உப்பானது. நாற்பத்தாறு பேர் பஸ் பிடித்துப் பெங்களூர் போய், விலாசம் விசாரித்து, அவரை நாற்காலியோடு தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். கோபத்தில் போனவர்கள்தான், ஆனாலும் வேலூரில் நிறுத்தி அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஊரைத் தாண்டவில்லை. 2001இல் நகராட்சித் தேர்தலுக்கு நின்றார். போஸ்டரில் 1996இல் எடுத்த போட்டோ. ஓட்டு கேட்டு வீடு வீடாகப் போனபோது, போஸ்டரில் இருக்கிறவர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். டெபாசிட் போனது.

அதற்கடுத்த மாசி மாதம் ஒரு காலையில் ஜெயம்மாள் கலியனைத் தேடி டீக்கடைக்கு வந்தார். பெரிய கடைக்காரர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்ததும் டீக்கடைக்காரர் துணியால் பெஞ்சைத் துடைத்தார், உட்கார்ந்த பிறகு துடைத்து என்ன பயன்.

"கூட்டத்த வேற பக்கம் திருப்பி வுடு தம்பி. காத்தால மூஞ்சி கழுவினா சோப்பு நிக்க மாட்டுது, வழுக்கிக்கினு ஓடுது. பக்கத்துல படுத்தா யாரோன்னு பயமா இருக்குதுபா."

"ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கம்மா. அதே வாசல்ல, ஜனங்க எதிர்ல. 'கலியன் எடுக்கல.' சொல்லிட்டா மறுநாளே அத்தினி பேரையும் கைலாசநாதர் கோயிலுக்கு இட்டுக்கினு போயிடறேன்."

"எழுதிக் குடுக்கறாராம்."

"காயிதம் வேணாம். என்னை காயிதத்துலயா அடிச்சாரு?"

ஜெயம்மாள் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். பதில் தர்மன் மூலம் வந்தது. ராஜகோபால் சொன்னாராம்: "நான் சொன்னா அன்னிக்கு நான் பொய்யன்னு ஆவுது. மூக்கு போனா போவட்டும்." கலியனுக்கு இது புரிந்தது. அவனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். மறுநாளிலிருந்து இரண்டு வேன் அதிகமாகக் கூட்டிவந்தான்.

ஒரு வருஷம் தாங்கினார். 2003 பங்குனியில், சாப்பாடு போட வந்த ஜெயம்மாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே தட்டை வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் ராஜகோபால் கலியனுக்கு ஆள் அனுப்பினார். கலியன் வந்தான். பந்தலில் சேலத்துக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ராஜகோபால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் மிச்சம் இருந்தவை இரண்டு கண், ஒரு வாய்.

"இப்பவே சொல்லிடறன்டா. நில்லு" என்றார்.

எட்டு வருஷம் காத்திருந்த வாக்கியம் அந்த வாயில் வந்து நின்றது. கலியன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான், எண்ணினான். பதினோரு பேர், அதில் இரண்டு பேர் தூங்கும் குழந்தைகள். அவனை அறைந்தபோது பார்த்தவர்கள் நாற்பது பேர். அந்த நாற்பது ஊர் முழுக்க ஆகி, மாவட்டம் முழுக்க ஆகி, கோயம்புத்தூர் வரைக்கும் போயிருந்தது.

"பதினோரு பேரு பத்தாது. வைகாசில கருட சேவை அன்னிக்கு சொல்லுங்க" என்றான்.

கருட சேவைக்குக் கோயில் வாசலில் நிற்கும் ஜனத்துக்குக் கணக்குக் கிடையாது. ராஜகோபால் அவனைப் பார்த்தார். "நீ என்னை வுட மோசமானவன்டா" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, அடுத்த ஆளுக்குத் தலையைக் குனிந்தார்.

பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவில் பள்ளிக்கூட லீவு. இது கலியனுக்குத் தெரியாததல்ல, வருஷத்தில் பாதி வருமானம் அந்த இரண்டு மாதத்தில்தான். சித்திரை பிறந்ததும் வேன்கள் செங்கல்பட்டு ரோட்டில் வரிசை கட்டி நின்றன. தினம் ஆயிரம் கை. சித்திரை பாதியில் ராஜகோபாலின் மேலுதடு மெலிந்திருப்பதைக் கலியன் கவனித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் நின்று, "தலையத் தொடுங்க, கையத் தொடுங்க, வாயை மட்டும் தொடாதீங்க" என்று கத்தினான். அதுவே கெடுத்தது. தொடக் கூடாது என்று கைடு சொல்கிற இடத்தில்தான் முழு சக்தியும் இருக்கும் என்பது யாத்திரைக்கு வருகிறவர்களுக்குப் பாலோடு புகட்டியது. ஒரு வாரத்தில் வாயைத் தொடுவதற்குத் தனி வரிசை உண்டாகிவிட்டது. கலியன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான்; அவன் கைக்குக் கீழே குனிந்து போய்த் தொட்டார்கள். முனிரத்தினத்திடம் போய் கூட்டத்தைப் பத்து நாள் நிறுத்தச் சொன்னான். "உனக்கு அது ஷூ, எங்களுக்கு அது சோறுபா" என்றார் முனிரத்தினம்.

கருட சேவை அன்று விடியற்காலை, கோபுர வாசலில் குடைகள் தெரிந்தபோது, தெருவில் தலைகள் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ராஜகோபால் குளித்து, சலவை வேட்டி கட்டி, நாற்காலி மேல் ஏறி நின்றார். சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கலியன் எதிரில் நின்றான். அவர் சொல்ல முயன்றார். கண்ணுக்குக் கீழேயிருந்து முகவாய் வரை கூழாங்கல் மாதிரி ஒரே வழவழப்பு, திறக்க அங்கே ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து பம்பரம் சுற்றுகிற மாதிரி ஒரு ரீங்காரம் மட்டும் வந்தது. காகிதம் பேனா கொண்டுவந்தார்கள். விரல்கள் தேய்ந்து மெழுகுவத்தி மாதிரி ஆகியிருந்தன, பேனா வழுக்கி விழுந்தது. ஜெயம்மாள் உள்ளே ஓடிப்போய் பீரோவிலிருந்து அந்த ஷூவை எடுத்துவந்து தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "எங்க வூட்டுக்காரருதான் உள்ள வெச்சாரு! கலியன் எடுக்கல! கலியன் எடுக்கல!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்த நிமிஷம் பெருமாள் கருடன் மேல் வாசலைத் தாண்டினார். கோவிந்தா என்று ஒரு லட்சம் பேர் எழுப்பிய சத்தத்தில் அந்த அம்மாள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தலைக்கு மேல் இருந்த ஷூவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வாங்கி நாற்காலிக்குக் கீழே வைத்தார், இன்னொருவர் மஞ்சள் குங்குமம் இட்டார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, நீலக் கறை மேல் துளசி வைக்கிறார்கள், நாய்கள் அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வாய் இல்லாதவர் எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெயம்மாள் கஞ்சியைக் காய்ச்சி அவர் உள்ளங்கையில் தேய்ப்பார், கை குடித்துக்கொள்ளும். சர்க்கரை போடுவதில்லை.

கலியன் எட்டு மாதம் வெறி பிடித்தவன் மாதிரி கூட்டம் சேர்த்தான். விழுப்புரத்துக்கே போய் பஸ்ஸை மறித்துக் கூட்டிவந்தான். ராஜகோபால் முழுக்கத் தேய்ந்து தரையோடு போகட்டும் என்று நினைத்தானா, நினைத்ததை வெளியே சொல்லவில்லை. கூட்டத்தின் முன்னால் நின்று உண்மையைத் தானே சொல்லிப் பார்த்தான்: "இவரு என்னை ஷூ திருடன்னு சொன்னாரு. நான் எடுக்கல." எல்லாரும் தலையாட்டினார்கள். கல் சங்கிலிக்கும் இதே மாதிரிதான் தலையாட்டினார்கள். ஒரு பெண், "அதுக்கு எந்தக் கிழமை வந்து தொடணும்?" என்று கேட்டாள்.

2004 தையில் ஒரு நாள், டீக்கடையில் நின்றபோது, கலியனின் உச்சந்தலையில் பல்லி விழுந்தது. உச்சந்தலை என்றால் நல்லதற்கில்லை. இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றியவனும் அதை நம்பினான். கோயிலுக்கு ஓடினான், தங்கப் பல்லிக்கு வரிசை தெப்பக்குளம் வரை நின்றது. கதவு மூட பத்து நிமிஷம். திரும்பி, ஜெயம்மாள் சில்க்ஸ் பந்தலில், வேலூர்க்காரர்கள் முப்பது பேருக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றான். அத்தனை வருஷத்தில் அவன் ராஜகோபாலைத் தொட்டதே இல்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் கடைசியாக நடந்த தொடுகை அந்த அறைதான். அவன் முறை வந்தது. ராஜகோபால் அவனை அடையாளம் கண்டார், கண் மட்டும் மழுங்காமல் இருந்தது. கலியன் தலையைத் தொடவில்லை. அறையப் போகிறவன் மாதிரி கையை ஓங்கிக் கொண்டுபோய், வாய் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான்.

கைக்குக் கீழே அது அசைந்தது. தோலுக்கு உள்ளேயிருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாக. ஏழு அசைவு. நின்றது. மறுபடி ஏழு. எட்டு வருஷத்துக்கு மேலாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தின் நீளம் அவனுக்குத் தெரியாதா. க, லி, யன், எ, டுக், க, ல. மூன்றாவது தடவை அது முடிந்ததும், உத்தரத்தில் ஆறு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்த பல்லிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. தறி அடிக்கிற மாதிரி தெரு முழுக்கக் கேட்டது. விற்பனையாட்கள் கையிலிருந்த புடவையைப் போட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். ஜெயம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலூர்க்கார அம்மாள் ஒருத்தி கலியனின் சட்டையை இழுத்தாள். "எதுக்குபா இத்தினி பல்லி சொல்லுது?"

"ஒரு ஜோடி ஷூ விசயம்மா. பழசு" என்றான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலை முனிரத்தினம் அவனை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, கைக்குக் கீழே நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அதான் சொல்லிட்டாரே, ஊரே கேட்டுது. வுட்டுட்டியா?"

"இல்ல."

"கூட்டத்த கைலாசநாதர் கோயிலுக்குத் திருப்பறேன்னியே?"

"வாயால சொல்லலியே" என்றான் கலியன்.

மறுநாள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, ஜெயம்மாள் சில்க்ஸ் வாசலில் நடுப்படியில் கழற்றிவிட்டான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வரிசையின் கடைசியில் நின்று, போய், ராஜகோபாலின் முகத்தில் கையை வைத்தான். "இன்னொரு தடவ" என்றான். ஏழு அசைவு, பல்லிகள் சொல்லின. அதற்கடுத்த நாளும். அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை, அவன் ஒரு நாளும் தவறவில்லை, காய்ச்சலில்கூட வந்தான். ஊரில் அவனை இன்னும் ஷூ கலியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறான். பார்வை நேரப் பலகையில் இப்போது, காலையில் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மேல் மற்றவர்கள் தொட அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. சன்னதித் தெருக் கடைக்காரர்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பல்லி சொன்னதும் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.